பிரிட்டன் பத்திரிகை தவறாக எழுதினால் எங்கே புகார் செய்வது?

2009 ஏப்ரலில் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஒரு தமிழ் இளைஞர் 23 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அவர் ரகசியமாக பர்கர் சாப்பிட்டார் என்று சில மாதம் கழித்து டெய்லி மெயிலும் சன்னும் எழுதின. அது பொய். அவர் வழக்குப் போட்டார். 2010இல் இரண்டு பத்திரிகைகளும் மன்னிப்புக் கேட்டு, மொத்தம் 77,500 பவுண்டு இழப்பீடு தர ஒப்புக்கொண்டன.

ஆனால் வழக்கு எல்லோராலும் முடிகிற காரியமில்லை. இங்கிலாந்தில் அவதூறு வழக்கை ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும். செலவும் மலைக்க வைக்கும். காசில்லாமல் செய்யக்கூடியது புகார். அது நம்மில் பலருக்குத் தெரியாமலே இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பிரிட்டனில் பத்திரிகை நடத்த அரசு உரிமம் வாங்கும் முறை 1695லேயே போய்விட்டது. பிறகு 1712 முதல் 1855 வரை முத்திரை வரி போட்டுப் பத்திரிகை விலையை ஏற்றி வைத்தார்கள். அதுவும் போனபின், அச்சுப் பத்திரிகையை அரசு நேரடியாகக் கட்டுப்படுத்தக்கூடாது என்பது அங்கே ஊறிப்போன எண்ணம். அதனால் பத்திரிகைகளே தங்களைக் கண்காணிக்க 1953இல் ஒரு கவுன்சில், 1991இல் ஒரு புகார் ஆணையம் என்று வைத்துப் பார்த்தார்கள். கொலையுண்ட ஒரு சிறுமியின் செல்போன் குரல்பதிவுகளை நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு ஆட்கள் ஒட்டுக்கேட்டது 2011இல் வெளியானதும் நாடே கொதித்தது. அந்தப் பத்திரிகையை மூடினார்கள். நீதிபதி லெவசன் விசாரித்து 2012இல் அறிக்கை தந்தார்.

அதன்பின் வந்தவைதான் பத்திரிகைகள் மீதான புகாரைக் கேட்கும் இன்றைய இரண்டு அமைப்புகள். 2014இல் தொடங்கிய ஐப்சோவில் (IPSO) சன், டைம்ஸ், மெயில், மிரர், டெலிகிராஃப் போன்ற பெரும்பாலான பெரிய பத்திரிகைகள் உள்ளன. லெவசன் யோசனையை நிறைவேற்ற வந்த அரச சாசனத்தின் (அரசர் பெயரில் வரும் ஆணை) கீழ் அங்கீகாரம் பெற்றது இம்ப்ரெஸ் (Impress) மட்டுமே. அதில் இருப்பவை பெரும்பாலும் சிறிய வெளியீடுகள். கார்டியனும் ஃபைனான்ஷியல் டைம்ஸும் இரண்டிலும் இல்லை. புகாரை அவர்களிடமே சொல்ல வேண்டும். டிவி, ரேடியோ என்றால் ஒலி, ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் (Ofcom). பிபிசி என்றால் முதலில் பிபிசியிடமே சொல்ல வேண்டும். ஆகவே முதல் வேலை, அந்தப் பத்திரிகை எதில் இருக்கிறது என்று பார்ப்பது.

சரி, ஐப்சோ பத்திரிகை என்று வைத்துக்கொள்வோம். செய்தி வெளியாகி 4 மாதத்துக்குள் இணையப் படிவத்தில் புகார் தரலாம். இணையத்தில் செய்தி இன்னும் இருந்தால் 12 மாதம் வரை ஏற்க வாய்ப்புண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ‘இந்தச் செய்தி அநியாயம்’ என்று பொதுவாக எழுதினால் நிற்காது. ‘தலைப்பில் கைதானவர் என்று உள்ளது, என்னைப் போலீஸ் விசாரித்தது மட்டும்தான், கைது செய்யவில்லை, இது விதி 1, துல்லியம்’ என்பதுபோல எந்த வரி, ஐப்சோ பத்திரிகைகள் பின்பற்ற வேண்டிய நெறிமுறையில் எந்த விதி என்று காட்டுங்கள். தனியுரிமை விதி 2, தொல்லை தருவது விதி 3, துக்கத்திலோ அதிர்ச்சியிலோ இருப்பவரிடம் பரிவில்லாமல் நடப்பது விதி 4. செய்திப் பக்கத்தை உடனே படமெடுத்து வையுங்கள். இணையத்தில் சத்தமில்லாமல் திருத்திவிடுவார்கள்.

புகார் விதிக்குள் வந்தால், உங்களோடு பேசித் தீர்க்கப் பத்திரிகைக்கு 28 நாள் வரை அவகாசம். சமரசம் ஆகாவிட்டால் ஐப்சோவின் புகார்க் குழு தீர்ப்பளிக்கும். திருத்தத்தை எந்த இடத்தில் போட வேண்டும் என்றும் அது உத்தரவிட முடியும். மோசமான, தொடர்ச்சியான மீறலுக்கு 10 லட்சம் பவுண்டு வரை அபராதம் போடும் அதிகாரமும் உண்டு. ஆனால் புகார் மூலம் உங்களுக்குப் பணம் வராது. அந்த அபராதம்கூட ஏட்டில் மட்டும் இருப்பது இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று, இனத்தையோ மதத்தையோ இழிவுபடுத்தும் எழுத்து. பாகுபாடு பற்றிய விதி 12 தனி மனிதரைக் குறிவைத்தால்தான் பொருந்தும். ‘தமிழர்கள் இப்படித்தான்’ என்று பொதுவாக எழுதினால் அந்த விதி கைகொடுக்காது. அதில் உள்ள தகவல் பொய்யானால் மட்டும் விதி 1இன்படி கேட்கலாம்.

அப்புறம், நிருபர்கள் வாசலில் நின்று போக மறுத்தால் செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஐப்சோவுக்கு 24 மணி நேர அவசரத் தொலைபேசி உண்டு. அதில் சொன்னால், விலகச் சொல்லிப் பத்திரிகைகளுக்குத் தகவல் அனுப்புவார்கள்.