காப்பித்தண்ணி ஊற்றிய வளைவு

தங்கை மகன் பைக்கில் கொல்லிமலைக்குப் போய்வந்த கையோடு எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். "மாமா, ஏறுறப்போ ஒரு வளைவுல ரோட்டைச் சுரண்டிப் போட்டு, அது மேல காப்பித்தண்ணி மாதிரி எதையோ ஊத்தி வெச்சிருந்தாங்க. பின் சக்கரம் சர்ருனு போயிருச்சு, கால ஊனித் தப்பிச்சேன். கொஞ்சம் மேல போயிப் பார்த்தா போன் ஸ்டாண்டக் காணோம். அரைமணி நேரம் கழிச்சுத் தேடிட்டு எறங்கி வந்தா அதே எடம் கன்னங்கரேல்னு இருக்குது. வழுக்கவே இல்ல, டயரு ஒட்டுது. அதுக்குள்ள யாரு மாமா வந்து தார் ஊத்துனது?"

பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் ஒரு விளக்கமும் கொடுத்தானாம்: கொல்லிப்பாவையின் வேலை. சங்கப் பாடல்களிலேயே வரும் அந்தப் பாவை, சிரித்து மயக்கி ஆளைக் கொல்வாள் என்பது மலையின் பழைய கதை. கதையாக எனக்கும் பிடிக்கும். ஆனால் வளைவில் ஒருவன் விழுந்தால் அங்கே எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, சாலையில் என்ன கிடந்தது என்று யாரும் குனிந்து பார்க்காமல் போவதுதான் எனக்கு ஆத்திரமாக வரும்.

யாரும் வந்து ஊற்றவில்லை. அவன் முதலில் பார்த்ததும் தார்தான், அப்புறம் பார்த்ததும் அதே தார்தான்.

முதலில் வளைவின் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். கொண்டை ஊசியின் உள்வளைவுக்கு ஆரம் குறைந்தது 14 மீட்டர், வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்துத்தான் நம் நாட்டு மலைச்சாலை விதிகள் வடிவமைக்கச் சொல்கின்றன. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்கும் பள்ளிக்கூடச் சூத்திரத்தைப் போட்டால், 20-இல் டயர் பக்கவாட்டில் பிடித்துக்கொடுக்க வேண்டிய விசை, வண்டியும் ஆளும் சேர்ந்த எடையில் கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு. 35-இல் அது 10-க்கு 7 பங்கு. சாலையின் உட்சாய்வு அதில் கொஞ்சத்தைத் தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். காய்ந்த நல்ல தார்ச்சாலை 35-ஐயும் எப்படியோ சமாளித்துவிடும். உதிரி ஜல்லி கிடந்தால் சமாளிக்காது. அந்தக் காப்பித்தண்ணி இருந்தால் 20-கூடச் சந்தேகம்தான்.

சரி, அந்தக் காப்பித்தண்ணி என்ன?

பழைய சாலையைச் சுரண்டிய பிறகு அதன்மேல் புதுக் கலவையை நேராகக் கொட்டிவிட முடியாது. இரண்டும் ஒட்டாது. நடுவில் பசை வேண்டும், அதற்கு டேக் கோட் என்று பெயர். பசையும் தார்தான். (வேதியியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்: தார் என்பது நிலக்கரியிலிருந்து வருவது, நம் சாலையில் இருப்பது கச்சா எண்ணெயைக் காய்ச்சியபின் மிஞ்சும் பிட்டுமென். ஊரே தார் என்கிறது, நானும் அப்படியே சொல்கிறேன்.) சிக்கல் என்னவென்றால் பசை மெல்லியதாக இருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்குத் தெளிக்கும் டேக் கோட் சுமார் கால் கிலோ. அதில் தண்ணீர் போக மிஞ்சும் தார் 150 கிராம் அளவு. பரப்பிப் பார்த்தால் 0.15 மில்லிமீட்டர், அதாவது இரண்டு தலைமுடியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கனம். ஆறினால் கட்டியாகிவிடும் தாரை அவ்வளவு மெல்லியதாக, குளிர்ந்த சாலைமேல் சமமாகப் பரப்புவது லேசில்லை.

அதற்குக் கண்டுபிடித்த தந்திரம்தான் என்னை மயக்குவது. தாரைத் தண்ணீரில் கலந்துவிடுகிறார்கள்.

எண்ணெயும் தண்ணீரும் சேராது, தாரும் அப்படித்தான். ஆனால் உருக்கிய தாரையும் வெந்நீரையும் வேகமாகச் சுழலும் ஆலைக்குள் விட்டு அரைத்தால், தார் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுள்ள துளிகளாகச் சிதறும். சும்மா விட்டால் அவை மறுபடி ஒன்றுசேர்ந்துவிடும். அதைத் தடுக்க, சோப்பு போன்ற ஒரு பொருளைத் துளி சேர்ப்பார்கள். அதன் மூலக்கூறுக்கு எண்ணெயை விரும்பும் வால் ஒன்று, தண்ணீரை விரும்பும் தலை ஒன்று. வாலைத் தார்த்துளிக்குள் குத்திக்கொண்டு, தலையை வெளியே தண்ணீரில் நீட்டி நிற்கும். நம் ஊரில் புழங்கும் வகையில் அந்தத் தலைகளுக்கு நேர் மின்னூட்டம். எல்லாத் துளிகளின் மேலும் நேர் மின்னூட்டம் என்றால் ஒன்றையொன்று தள்ளும், ஒட்டாது. கிடைப்பது தண்ணீர்போல ஓடும் தார். பாடப்புத்தகம் இதைப் பால்மம் என்கிறது, சாலை வேலைக்காரர்கள் எமல்ஷன் என்கிறார்கள்.

பாலில் கொழுப்புத்துளிகள் மிதப்பதும் இப்படித்தான். பால் ஏன் வெள்ளை? கொழுப்பு வெள்ளை என்பதால் இல்லை, உருக்கிய நெய் வெள்ளையாகவா இருக்கிறது? கோடானுகோடி துகள்களின்மேல் பட்டு ஒளி நாலாபக்கமும் சிதறித் திரும்புவதால் வெள்ளை. தார்த்துளிகளும் ஒளியைச் சிதறடிக்கும், ஆனால் தார் ஒளியை விழுங்கும் பொருளும்கூட. நீலப் பக்கத்தை அதிகமாகவும் சிவப்புப் பக்கத்தைக் குறைவாகவும் விழுங்கும். விழுங்கியது போக மிச்சம் திரும்பி வருவதுதான் அந்தப் பழுப்பு. துளிகள் சேர்ந்து ஒரே படலமானால் சிதறடிக்க ஓரங்களே இல்லை. உள்ளே போன ஒளி உள்ளேயே முடிந்துவிடும். அப்போது கறுப்பு. ஆக, மருமகன் பார்த்த நிறமாற்றத்தில் சாயம் எதுவும் கிடையாது. துளிகள் தனித்தனியாக நிற்கின்றனவா, கூடிவிட்டனவா என்பதைத்தான் நிறம் காட்டுகிறது.

கூட்டிவைப்பது யார்? கல்.

கொல்லிமலை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடினப் பாறை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமங்கள் நிறைந்த இத்தகைய கற்களின் மேற்பரப்பு, தண்ணீர் பட்டால் எதிர் மின்னூட்டம் கொள்ளும். எமல்ஷன் சாலைமேல் விழுந்ததும் நேர் மின்னூட்டத் தலைகளைக் கல் இழுக்கிறது. சோப்பு மூலக்கூறுகள் துளியை விட்டுக் கல்லுக்குத் தாவுகின்றன. காவல் குறைந்த துளிகளுக்கு ஒன்றையொன்று தள்ளத் தெம்பில்லை. மோர் கடையும்போது வெண்ணெய் திரளுமே, அதுபோலத் திரள்கின்றன.

இதில் இன்னொரு அழகு இருக்கிறது. கல்லுக்குத் தாவிய மூலக்கூறு தலையால் கல்லைப் பிடித்துக்கொண்டு வாலை வெளியே நீட்டுகிறது. வால் எண்ணெய் விரும்பி. இதுவரை தண்ணீரையே விரும்பிய கல், இப்போது தாரை விரும்பத் தொடங்குகிறது! தாரைத் தண்ணீரோடு சேர்த்து வைத்த அதே மூலக்கூறுதான், தண்ணீரைக் கழற்றிவிட்டுத் தாரைக் கல்லோடு சேர்த்தும் வைக்கிறது. வெளியேறிய தண்ணீர் கரும்படலத்தின்மேல் தெளிவாக ஓடுவதைச் சில நேரம் பார்க்கலாம். அப்புறம் அது காய்ந்துவிடும்.

சாலை வேலைக்காரர்கள் இந்தத் திரளலை எமல்ஷன் 'பிரேக்' ஆகிவிட்டது, அதாவது உடைந்துவிட்டது என்பார்கள். மருமகனுக்கு நான் அனுப்பிய பதில் இதுதான்: அது பிரேக் ஆகும்வரை நீ பிரேக் போடாதே. பழுப்பு நிலையில் டயருக்கும் சாலைக்கும் நடுவே இருப்பது சோப்புத்தண்ணீரும் ஒட்டாத எண்ணெய்த்துளிகளும். அதைவிட வழுக்கலான ஒன்றை வேண்டுமென்றே செய்யச் சொன்னாலும் கடினம். கறுத்த பிறகு ஒட்டும். அளவுக்கு மீறியே ஒட்டும், டயர் வழியில் கிடக்கும் பொடி ஜல்லியையெல்லாம் பொறுக்கிக்கொள்ளும்.

பழுப்பு எவ்வளவு நேரம் நிற்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. காரவள்ளியில் உச்சிவெயிலில் சில நிமிடங்களில் கறுத்துவிடுவது, மலைமேல் சோளக்காடு என்ற ஊர்ப் பக்கம் காலைப் பனிமூட்டத்தில் மரநிழலில் பிடிவாதமாகப் பழுப்பாகவே கிடக்கும். ஓர் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை 6 டிகிரி அளவு குறையும், ஈரமான காற்றில் தண்ணீரும் போகாது. கீழே பார்த்ததை வைத்து மேலே முடிவு செய்யக்கூடாது. சமவெளியில் என்றால் கறுத்துப் புதுக் கலவை போடும்வரை வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிடலாம். மலையில் இருப்பதே ஒரு வழி, அதிலும் பாதியில் வேலை நடக்கும்.

இந்த இரண்டு முடிக் கனத்துக்காக ஏன் இவ்வளவு பாடு? கொண்டை ஊசியில் திரும்பும் பேருந்தைப் பாருங்கள். பின் சக்கரங்கள் உருள்வதோடு சாலையைப் பக்கவாட்டில் தேய்த்துத் தள்ளுகின்றன. பசை சரியில்லாவிட்டால், தரையில் விரித்த பாயைக் காலால் தள்ளியதுபோல மேல்தளம் நகரும். நகர்ந்ததற்கு அடையாளமாகப் பிறைநிலா வடிவத்தில் விரிசல் விடும், அது பெயர்ந்து ஜல்லியாகும், பிறகு ஒருநாள் அதே வளைவில் ஒரு பைக் விழும். மேலே கலவை போட்டு மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால், மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான் என்பது என் சந்தேகம். பிறை விரிசலை நேர்ச்சாலையைவிட வளைவிலும் இறக்கத்திலும் அதிகம் பார்ப்பீர்கள்.

கல்லின் மனசை மாற்றும் இதே வித்தையை வேறு விதமாகச் செய்து காட்டியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு கலக்காமல், சுடச்சுட இருக்கும் ஜல்லியின்மேல் முதலில் பூசினார், தார் அப்புறம்தான். பிளாஸ்டிக் பூசிய கல்லில் தண்ணீர் ஒட்டாது, தார் நன்றாக ஒட்டும். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ராக்கெட்டுக்குப் பணம் ஒதுக்குவதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆய்வகங்களுக்கும் அதில் கொஞ்சம் சிந்தினால், மழைக்காலம் முடிந்ததும் நாம் இப்படிக் குழி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

வேலை நடக்கும் மலைச்சாலையில் ஓட்டுவது பற்றி ஒன்றிரண்டு. சுரண்டிய சாலையில் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும், டயர் அதைப் பிடித்துக்கொண்டு வண்டி பாம்புபோல நெளியும். பயந்து ஹேண்டில்பாரை இறுக்கினால் மோசமாகும். தளர்த்திப் பிடித்தால் முன்சக்கரம் தானே நேராகும். உதிரி ஜல்லியைப் பேருந்துகளின் சக்கரங்கள் நடுக்கோட்டுக்கும் ஓரத்துக்கும் ஒதுக்கித் தள்ளியிருக்கும், ஆகவே அவற்றின் தடத்திலேயே போவது உத்தமம். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும், சாய்ந்த பிறகு குறைக்க முயலக்கூடாது.

மருமகனின் அடுத்த கேள்வி நேற்று வந்தது. மட்கார்டிலும் சைலன்ஸரிலும் கரும்புள்ளிகள், தண்ணீர் ஊற்றித் தேய்த்தும் போகவில்லையாம். பழுப்பாக இருந்தபோதே வழியில் ஓர் ஓடைத் தண்ணீரை அள்ளி ஊற்றியிருந்தால் ஓடிப்போயிருக்கும். அப்போது அது தண்ணீரில் மிதக்கும் துளி. இப்போது அது தார். எண்ணெயின் இனம் எண்ணெயில்தான் கரையும், சைலன்ஸர் ஆறியபின் தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடை, டயரிலும் பிரேக் டிஸ்க்கிலும் மட்டும் பட்டுவிடாதே என்றேன். இன்று காலை தங்கை போன் செய்தாள். "அண்ணா, அரை லிட்டர் எண்ணெயும் போச்சு. நீதான் சொன்னியாமே?"