‘எனக்குச் சொல்லவே இல்ல’: உடன்பிறந்தவர்கள் விட்டுவிட்டால் மூளைக்குள் என்ன நடக்கிறது?

மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் நிற்கும் இடத்தில் வைத்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, எனக்குச் சின்னம்மா, கட்டைப்பையோடு எதிரே வந்தார். “ஏத்தா, நாளைக்கி வேன் எத்தன மணிக்கு? ஒங்கண்ணன் ரோட்டு வெலக்குல நிக்கச் சொன்னான், மணியச் சொல்லல” என்றார்.

எந்த வேன், எங்கே போகிறது, எதுவும் எனக்குத் தெரியாது. குலதெய்வம் கோயிலில் அண்ணன் பேரனுக்கு முடியிறக்கிக் காது குத்துகிறார்கள் என்பதை அடுத்த இரண்டு நிமிடத்தில் அவர் பேச்சிலிருந்தே பொறுக்கிக்கொண்டேன். அண்ணன், இரண்டு அக்காமார், அவர்கள் பிள்ளைகள், மருமக்கள் எல்லாரும் போகிறார்கள். நான்தான் வீட்டுக்குக் கடைக்குட்டி. “ஆறு மணிக்கு, சின்னம்மா” என்று சொல்லிவிட்டேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்போது உடம்பில் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. அடிவயிறு இறுகியது. காது இரண்டும் சூடேறின. சின்னம்மாவின் வாய் அசைவது தெரிந்தது, சொல் கேட்கவில்லை. யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அதற்கு உடம்பு ஏன் அடி வாங்கியதைப் போலத் துடிக்க வேண்டும்?

நம் பக்கத்தில் அழைப்பதற்கே ‘சொல்வது’ என்றுதான் பெயர். “கல்யாணத்துக்குச் சொல்லியாச்சா?” என்றால் பத்திரிகை வைத்தாயிற்றா என்று அர்த்தம். மனத்தாங்கலும் அதே வார்த்தையில்தான் வருகிறது: “எனக்குச் சொல்லவே இல்ல.” மேலூர்ப் பக்கம் ஐம்பது வயது தாண்டிய மனிதர்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் உடைவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களை அற்பமானவர்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த உடைவுக்குப் பின்னால் மிகப் பழைய உடலியல் இருக்கிறது.

இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ். 1980களில் ஒரு நாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, அங்கே ஃபிரிஸ்பீ எறிந்து விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பேரின் தட்டு இவர்மேல் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். அவர்கள் திரும்ப இவருக்கு எறிந்தார்கள். இரண்டு மூன்று நிமிடம் மூவருமாக விளையாடினார்கள். பிறகு அவர்கள் இவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். முகம் தெரியாத இரண்டு பேர், மூன்று நிமிட உறவு. அதற்கே மனம் அவ்வளவு சுருங்கியது அவருக்கே வியப்பாக இருந்தது. அதையே சோதனையாக்கினார். பின்னாளில் அது ‘சைபர்பால்’ என்ற கணினி விளையாட்டாக மாறியது. திரையில் மூன்று பேர் பந்தெறிகிறார்கள். அதில் ஒருவர் நீங்கள். மற்ற இருவரும் மனிதர்களே இல்லை, நிரல்கள். முதலில் பந்து உங்களிடமும் வரும். பிறகு வராது.

சின்ன வயதில் அண்ணன் அக்காவோடு தெருவில் விளையாடிய கடைக்குட்டிகளுக்கு இந்தச் சோதனையை விளக்கவே வேண்டியதில்லை. ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆட்டத்தில் இருப்போம், ஆட்டம் நம்மிடம் வராது.

சைபர்பாலில் ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. அதற்குள் நான்கு விஷயங்கள் சரிவதை வில்லியம்ஸ் திரும்பத் திரும்பக் கண்டார்: இவர்களில் ஒருவர் நான் என்ற எண்ணம், தன்மதிப்பு, நடப்பது என் கையில் இருக்கிறது என்ற உணர்வு, நான் இருப்பதற்கு ஒரு பொருள் உண்டு என்ற நம்பிக்கை. எதிரே இருப்பது வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு விளையாடச் செய்தாலும் சரிந்தது. இது 2004இல் வெளியானது. கறுப்பின மக்கள்மீது வெறுப்பைப் பரப்பும் கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான் உங்களோடு விளையாடுகிறார்கள் என்று சொன்னபோதும் சரிந்தது, இது 2007இல். நாம் அருவருக்கிற கூட்டம் நம்மைச் சேர்க்காவிட்டால்கூட முதல் நொடியில் வலிக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். விலக்கப்பட்டால் கத்தும் மணி ஒன்று நமக்குள் இருக்கிறது. விலக்கியது யார், வேண்டுமென்றா, தெரியாமலா என்றெல்லாம் அது விசாரிப்பதில்லை. பந்து வரவில்லை என்றால் அடிக்கும். விசாரணை பிறகுதான் வரும். “இதுக்குப் போயி வருத்தப்படுறியா?” என்று கேட்பவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள். வருத்தம் யோசித்து எடுத்த முடிவு இல்லை.

மணி எங்கே இருக்கிறது? நவோமி ஐசன்பெர்கர், மேத்யூ லீபர்மேன், வில்லியம்ஸ் மூவரும் 2003இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 13 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்துச் சைபர்பால் ஆடச் செய்தார்கள். பந்து வராதபோது மூளையின் நடுக்கோட்டை ஒட்டி உள்ளே இருக்கும் முன் சிங்குலேட் பகுதியில் ரத்த ஓட்டம் கூடியது. உடல் வலியின் ‘தாங்கவில்லையே’ என்ற வேதனையோடு தொடர்புள்ள பகுதி அது. யாருக்கு அங்கே அதிகம் கூடியதோ அவர்களே அதிகம் வருந்தியதாகச் சொன்னார்கள். நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கம் இன்னொரு பகுதி யாருக்கு நன்றாக வேலை செய்ததோ, அவர்களுக்கு வருத்தம் குறைந்திருந்தது. முதல் பகுதி அலறும், இரண்டாவது ஆற்றும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

இதைப் படித்துவிட்டு ‘மூளைக்கு மன வலியும் உடல் வலியும் ஒன்றே’ என்று பலரும் எழுதினார்கள். அது மிகை. மாசி வீதிகளில்தான் சித்திரைத் தேரும் ஓடுகிறது, மற்ற நாளில் சரக்கு வண்டியும் ஓடுகிறது. வெகு உயரத்திலிருந்து பார்த்தால் வீதி நிறைந்திருப்பது மட்டும்தான் தெரியும். நிறைத்தது எது என்று தெரியாது. அன்றைய ஸ்கேன் அப்படிப்பட்ட பார்வைதான். 2014இல் சூங்-வான் வூ, டோர் வேகர் குழுவினர் இன்னும் நுணுக்கமாகப் பார்த்து, அதே பகுதிகளுக்குள் உடல் வலியும் விலக்கத்தின் வலியும் வேறுவேறு கோலங்களாகப் பதிவதைக் காட்டினார்கள். வீதி ஒன்று, ஓடுவது இரண்டு.

ஆனாலும் இரண்டும் ஒரே வீதிக்கு வந்ததற்குக் காரணம் இருக்கும். பாலூட்டிகளின் குட்டி பிறந்ததும் தனியே பிழைக்க முடியாது. தாயை, கூட்டத்தைப் பிரிவது காயத்துக்குச் சமமான ஆபத்து. ஆகவே ஏற்கெனவே இருந்த வலி ஏற்பாட்டை உடல் இதற்கும் எடுத்துக்கொண்டது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஜாக் பாங்க்செப் 1970களின் இறுதியில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட நாய்க்குட்டிகளுக்கு மிகக் குறைந்த அளவு மார்பின் கொடுத்துப் பார்த்தார். வலிக்குக் கொடுக்கும் அந்த மருந்து அவற்றின் அழுகையை அடக்கியது. 2010இல் நேத்தன் டிவால் குழு, மூன்று வாரம் தினமும் பாராசிட்டமால் எடுத்தவர்கள் மற்றவர்களைவிட மனம் புண்பட்டதாகக் குறைவாகச் சொன்னதைக் கண்டது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தேட வேண்டாம். அளவு மீறினால் பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும்.

உடல் வலிக்கும் இந்த வலிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கால் முறிந்ததை இருபது வருடம் கழித்து நினைத்தால் முறிந்தது நினைவுக்கு வரும், வலி வராது. மனம் புண்பட்டதை நினைத்தால் வலியே திரும்ப வரும். 2008இல் வெளியான ஆய்வு ஒன்று இதைச் சோதித்துக் காட்டியது. தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு வந்த அழகர், கல்யாணம் முடிந்துவிட்டது என்று வைகைக் கரையில் கேள்விப்பட்டு, ஊருக்குள் வராமலே வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார் என்று நாம் கதை சொல்கிறோம். கோயில் மரபுப்படி அவர் வருவது மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்கத்தான். ஆனாலும் சனங்கள் வாயில் நிலைத்தது அண்ணனை விட்டுவிட்டுத் தாலி கட்டிய கதை. ஆற்றில் இறங்கும்போது கூட்டத்தில் நிற்கும் பெண்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் தங்கள் அண்ணனை நினைத்து அழுதார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

நண்பர் விட்டால் வேறு நண்பர் வரலாம். உடன்பிறந்தவர்கள் நாம் முதன்முதலில் சேர்ந்த வட்டம், வேறு வட்டம் வாங்க முடியாது. 1938இல் தொடங்கி மனிதர்களின் வாழ்க்கையைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வில் இருந்த 229 ஆண்களின் வாழ்க்கைத் தரவுகளை ராபர்ட் வால்டிங்கர் குழு 2007இல் அலசியது. இருபது வயதுக்கு முன் உடன்பிறந்தவர்களோடு உறவு சரியில்லாதவர்களுக்கு ஐம்பது வயதுக்குள் தீவிர மனச்சோர்வு அதிகம் வந்திருந்தது. பெற்றோரோடு இருந்த உறவைக் கணக்கில் கழித்த பிறகும் அப்படியே. இதிலிருந்து அதுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் கூடப்பிறந்தவர்கள் உறவைச் சின்ன விஷயம் என்று தள்ளவும் முடியாது.

சரி, நன்றாக இருந்த வீட்டில் ஏன் ஒருவர் மட்டும் விடுபட்டுப்போகிறார்? எனக்கு மிகவும் வெளிச்சம் கொடுத்தது சமூகவியலாளர் கேரலின் ரோசன்தால் 1985இல் எழுதியது. குடும்பங்களில் உறவைக் கட்டிக்காக்கும் வேலையை ஓர் ஆள் செய்கிறார், பெரும்பாலும் பெண், அது ஒரு வேலை என்றே யாரும் கவனிப்பதில்லை என்றார் அவர். எங்கள் வீட்டில் அது அம்மா. அண்ணன் செய்தியை அம்மாவிடம் சொல்வான், அம்மா எனக்குச் சொல்வார். நாங்கள் நான்கு பேர். அம்மா இருந்தவரை நான்கு இழை போதும். அம்மா போன பிறகு ஒவ்வொருவரும் மற்றவரோடு நேரே பேச வேண்டுமென்றால் ஆறு இழை வேண்டும். ஆறு பிள்ளைகள் இருந்த வீடென்றால் ஆறு இழை பதினைந்தாகும். அந்தப் புது இழைகளில் பல எப்போதுமே நூற்கப்படாதவை. எனக்கும் அண்ணனுக்கும் பதினொரு வயது வித்தியாசம். யோசித்துப் பார்த்தால், அவன் தானாக எனக்குப் போன் போட்டு ஒரு விஷயம் சொன்னதாக நினைவே இல்லை. சொன்னதெல்லாம் அம்மா. அம்மா போனதோடு அறுந்ததை நான் அண்ணன் அறுத்ததாக எடுத்துக்கொண்டேன்.

அதோடு இன்னொன்று. 1968இல் ஜான் டார்லி, பிப் லட்டானே நடத்திய சோதனையில், பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரலை ஒலிபெருக்கி வழியாகக் கேட்கச் செய்தார்கள். தான் மட்டும்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர், அவர் பேசி முடிப்பதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 விழுக்காட்டினரே எழுந்தார்கள். ‘வேற யாராச்சும் போயிருப்பாங்க.’ மூன்று பேர் சேர்ந்து ஒரு காதுகுத்து ஏற்பாடு செய்யும்போது நான்காவது ஆளுக்குச் சொல்லும் பொறுப்பும் இப்படித்தான் கரைகிறது.

எல்லாமே தவறிப்போனதுதான் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே விடுவதும் உண்டு. பூர்வீக நிலத்தில் மகள்களுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டுச் சட்டம் 1989இல் சொன்னது, நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. கையெழுத்துப் போட மறுத்த தங்கைக்கு அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் சொல்லாத வீடுகள் எனக்குத் தெரியும். அங்கே மணி சரியாகத்தான் அடிக்கிறது.

விடுபட்டவர் அடுத்து என்ன செய்வார் என்பதிலும் ஆய்வு இருக்கிறது. முதல் அடிக்குப் பிறகு, சரிந்த நான்கில் எதைத் தூக்கி நிறுத்தலாம் என்று மனம் தேடும். சிலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி ஒட்டிக்கொள்ளப் பார்ப்பார்கள். சிலர் மோதுவார்கள். 2006இல் வெளியான ஒரு சோதனையில், விலக்கப்பட்டவர்களைக் காதைப் பிளக்கும் இரைச்சலில் உட்கார வைத்தார்கள். சிலர் கையில் இரைச்சலின் கட்டுப்பாடு இருந்தது, சிலருக்கு இல்லை. பிறகு, காரமே பிடிக்காத ஒருவருக்கு மிளகாய்ச் சாறு ஊற்றித்தரச் சொன்னார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்கள் நான்கு மடங்கு அதிகம் ஊற்றினார்கள். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு யாரும் கூப்பிடவில்லை என்று சத்தம் போடும் சித்தப்பாவை இதைப் படித்த பிறகு என்னால் கோபமாகப் பார்க்க முடியவில்லை. சோற்றுக்காக அவர் கத்தவில்லை.

வருடக்கணக்கில் நீண்டால் மூன்றாவது நிலை வரும் என்கிறார் வில்லியம்ஸ்: ஒட்டவும் மாட்டார்கள், மோதவும் மாட்டார்கள், ஒடுங்கிவிடுவார்கள். எனக்கு அதுதான் பயம். ஆகவே ஒரு வாரம் கழித்துப் பெரியக்காவுக்கு நானே போன் போட்டேன். ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போகாமல், நடந்தது என்ன என்று மட்டும் கேட்டேன். “அண்ணன் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்டி. அவரு சின்னவ சொல்லியிருப்பான்னு நெனச்சிருக்காரு” என்றாள். பிறகு, “சின்னம்மாவும் வரல தெரியுமா? வேன் அஞ்சே காலுக்கே வெலக்கத் தாண்டிருச்சு, ஆளக் காணோம்” என்றாள்.

அன்று மத்தியானமே சின்னம்மா ஊருக்குப் பஸ் ஏறினேன். ஆறு மணிக்கு வந்து, ஏழரை வரை விலக்கில் நின்றுவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். பிள்ளைக்கு எடுத்த சட்டை பெட்டி பிரிக்காமல் திண்ணையில் கட்டைப்பைக்குள்ளேயே இருந்தது. “எனக்கு யாருமே சரியாச் சொல்லலத்தா” என்றார். நான் சொன்ன மணிதான் அது, எனக்கே யாரும் சொல்லவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப ஞாயித்துக்கெழம ரெண்டு பேருமாப் போயி புள்ளையப் பாத்துட்டு வந்துருவோம்” என்றார்.