தளரக் கற்பதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள்?

தற்காப்புக் கலைப் பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் குத்துப் பையின் முன் நிற்கும்போது அவருடைய கழுத்தைப் பாருங்கள். கை இன்னும் நீளவே இல்லை. அதற்குள் தோள்பட்டை காதை நோக்கி ஏறிவிடும், தாடை இறுகும், மூச்சு நெஞ்சில் அடைபட்டு நிற்கும், முஷ்டியின் கணுக்கள் வெளுத்துவிடும். உடம்பிலுள்ள பலம் முழுவதையும் திரட்டிக் குத்துவதாக அவர் நினைக்கிறார். பையோ லேசாக அசைந்துவிட்டு நின்றுவிடுகிறது. பக்கத்திலேயே இருபது ஆண்டுப் பயிற்சி உள்ள ஒருவர், பார்ப்பவருக்கு அலட்சியமாகத் தோன்றும்படி கையை வீசுகிறார். பை நடுவில் மடங்குகிறது. அப்போது ஆசான் புதியவரிடம் வந்து சொல்வது அநேகமாக எல்லாப் பயிற்சிக் கூடங்களிலும் ஒன்றேதான்: “கையைத் தளர்த்து.”

கேட்பவருக்கு எரிச்சல் வருவது இயல்பு. வேகமாக அடிக்க வந்தவனிடம் தளரச் சொன்னால் அது முரணாகத்தான் படும். பயிற்சியின் முதல் ஆண்டில் நானும் அந்தச் சொல்லைக் கிட்டத்தட்ட வசையாகவே எடுத்துக்கொண்டேன். தசைகளும் நரம்புகளும் இயங்கும் விதத்தைப் படித்த பிறகுதான், அந்த ஒற்றை அறிவுரையை நிறைவேற்ற உடலுக்குள் எவ்வளவு வேலை நடந்தாக வேண்டும் என்பது விளங்கியது.

முழங்கையை எடுத்துக்கொள்வோம். அதை மடக்குவது மேற்கையின் முன்புறமுள்ள இருதலைத் தசை. நீட்டுவது பின்புறமுள்ள முத்தலைத் தசை. குத்து என்பது கையை நீட்டும் செயல் என்பதால், அதில் இருதலைத் தசைக்கு வேகம் கூட்டும் வேலை எதுவும் கிடையாது. அது வழிவிட்டு நின்றாலே போதும், கடைசிக் கணத்தில் மட்டும் மூட்டு அளவுக்கு மீறி நீண்டுவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பழகாத அசைவைச் செய்யும்போது மூளை இரண்டு தசைகளையும் ஒரே நேரத்தில் இறுக்குகிறது. இது தவறு என்பதைவிட முன்னெச்சரிக்கை என்பதே பொருத்தம். கை எங்கே போய் நிற்கும் என்ற கணிப்பு மூளைக்கு இன்னும் கைவராததால், மூட்டை இரு பக்கமும் இழுத்துக் கட்டி, பிழையின் அளவைக் குறைக்கப் பார்க்கிறது. அதற்குக் கொடுக்கும் விலைதான் வேகம். பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டியை முடுக்குவதைப் போல, பலத்தின் ஒரு பகுதி தனக்கு எதிராகவே செலவாகிறது. சில நிமிடங்களில் தோள் கடுக்கத் தொடங்குவதும் இதனால்தான்.

தேர்ந்தவர்களின் உடலில் இது எப்படி மாறுகிறது என்பதைக் கனடாவைச் சேர்ந்த முதுகெலும்பு உயிரியக்கவியல் ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில்லும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. கலப்புத் தற்காப்புக் கலையில் முன்னணியில் இருந்த வீரர்களின் உடலில் மின்முனைகளைப் பொருத்தி, அவர்கள் குத்தும்போதும் உதைக்கும்போதும் தசைகளில் எழும் மின்குறிகளைப் பதிவு செய்தார்கள். பல அடிகளில் தசைகள் இரண்டு முறை உச்சத்தைத் தொட்டன: அசைவு தொடங்கும்போது ஒரு முறை, இலக்கைத் தொடும் கணத்தில் மறுமுறை. இரண்டுக்கும் நடுவே தசைகள் தளர்ந்திருந்தன. முதல் இறுக்கம் கைக்கு உந்துதல் தருகிறது. நடுவில் வரும் தளர்ச்சி அந்த வேகத்தைத் தடையின்றி வளரவிடுகிறது. கடைசி இறுக்கம் முஷ்டி, கை, தோள், இடுப்பு அனைத்தையும் ஒரே கட்டையாக்குவதால், இலக்கின் மேல் மோதுவது கையின் எடை மட்டுமாக இல்லாமல் உடலின் எடையில் ஒரு பங்காகவும் ஆகிவிடுகிறது. அடி படும் கணத்தில் பலர் எழுப்பும் குறுகிய ஒலிக்கும் இதில் இடம் உண்டு. வயிற்றுத் தசைகளைச் சட்டென இறுக்கி மூச்சை வெளியேற்றும்போது நடுவுடல் விறைத்து நிற்கிறது. ஆக, ஆசான் சொல்லும் “தளர்த்து” என்பது முழு அடிக்கும் உரியதன்று. நடுவிலுள்ள அந்தச் சிறு இடைவெளிக்கு மட்டும் உரியது. அதைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் என் போன்றவர்களுக்குச் சில மாதக் குழப்பமாவது மிச்சமாகியிருக்கும்.

தளர்வதே ஒரு வேலை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தசை சுருங்கும்போது அதன் இழைகளுக்குள் கால்சியம் அயனிகள் வெளிவிடப்படுகின்றன. மீண்டும் தளர வேண்டுமானால் அந்தக் கால்சியத்தைச் சேமிப்பறைகளுக்குத் திருப்பி இறைத்தாக வேண்டும். இழைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியும் விட வேண்டும். இரண்டுக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு தேவை. உயிர் பிரிந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது அந்த ஏடிபி தீர்ந்து, தசைகள் பிடியை விட முடியாமல் போவதால்தான். களைத்த தசை சுருங்குவதில் மட்டுமின்றித் தளர்வதிலும் மந்தமாகிறது. பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடங்களில் அடிகள் கனத்து, வேகம் குன்றுவதில் இதற்கும் பங்கு உண்டு. களைத்துப்போன பின் நுட்பமான புதிய அசைவைப் பழகத் தொடங்காதீர்கள் என்ற அறிவுரைக்கும் இது வலுச் சேர்க்கிறது.

சரி, இந்த இறுக்கமும் தளர்வும் மாறி மாறி வரும் கணக்கை யார் நடத்துகிறார்கள்? தசைகள் அல்ல. லண்டனில் இம்பீரியல் கல்லூரியையும் பல்கலைக்கழகக் கல்லூரியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கராத்தேயில் கருப்புப் பட்டை பெற்ற 12 பேரையும், அதே வயதும் உடல் தகுதியும் கொண்ட, ஆனால் தற்காப்புக் கலை பயிலாத 12 பேரையும் ஒப்பிட்டார்கள். குத்தின் தொலைவு வெறும் 5 சென்டிமீட்டர். அவ்வளவு குறுகிய இடத்திலும் கருப்புப் பட்டைக்காரர்களின் அடி பலமாக விழுந்தது. ஆனால் அந்தப் பலத்துக்குத் தசை வலிமையைக் காரணமாகச் சொல்ல முடியவில்லை. தோளின் வேகமும் மணிக்கட்டின் வேகமும் எவ்வளவு துல்லியமாக ஒரே கணத்தில் உச்சத்தைத் தொடுகின்றன என்பதோடுதான் அடியின் பலம் பொருந்திப்போனது. மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, சிறுமூளையையும் அசைவைக் கட்டுப்படுத்தும் மேற்பகுதிகளையும் இணைக்கும் வெண்பொருளின் நுண்ணமைப்பில் இரு குழுவினருக்கும் வேறுபாடு தெரிந்தது. அந்த வேறுபாடு எந்த வயதில் பயிற்சியைத் தொடங்கினார்கள் என்பதோடும் தொடர்பு காட்டியது. வெண்பொருள் என்பது நரம்பிழைகளின் கட்டு. மயலின் என்ற கொழுப்புறை பெற்ற பருமனான இழைகளில் செய்தி வினாடிக்கு 100 மீட்டருக்கும் மேல் பாய்கிறது. உறையில்லாத மெல்லிய இழைகளில் அது வினாடிக்கு ஓரிரு மீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஒரு முறை எடுத்த படத்தைக் கொண்டு பயிற்சிதான் மூளையை மாற்றியது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆயினும், குத்தின் ரகசியத்தைத் தேடிப் போனவர்கள் புயத்தில் தேடியதைச் சிறுமூளையில் கண்டார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டுகிறது.

உடலின் இந்த அறிவு, நாம் வழக்கமாக நினைவு என்று சொல்வதிலிருந்து வேறானது. இதற்கு மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. வலிப்பு நோய்க்காக 1953-இல் ஹென்றி மொலைசன் என்பவருடைய மூளையின் ஒரு பகுதியை அறுவை மூலம் அகற்றினார்கள். அதன்பின் அவரால் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் வைக்க முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரங்களுக்குள் கோடு வரையச் சொன்னார். மூன்று நாள் பயிற்சியில் அவருடைய பிழைகள் நன்றாகக் குறைந்தன. ஆனால் முன்பு இதைச் செய்த நினைவு அவருக்குக் கொஞ்சமும் இல்லை. கற்றுக்கொண்டது கைக்குத் தெரிந்தது, ஆளுக்குத் தெரியவில்லை. “எனக்கு ஒன்றுமே வரவில்லை” என்று பயிற்சி முடிந்து மனம் சோரும் மாணவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். உடலுக்கு என்ன வந்திருக்கிறது என்பதைச் சொல்லும் தகுதி, பல நேரங்களில் நம் மனத்துக்கு இருப்பதில்லை.

“ஒரே அசைவை ஆயிரம் முறை செய்” என்ற கட்டளையையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ரஷ்ய உடலியல் அறிஞர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டீன் 1920-களில் மாஸ்கோவில், உளியின் தலையில் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளர்களின் மூட்டுகளில் சிறு விளக்குகளைக் கட்டி அசைவுகளைப் படமெடுத்தார். அனுபவசாலியின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் உளியின் தலையில் சரியாக விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் சென்ற வழி ஒவ்வொரு முறையும் சற்று வேறுபட்டது. ஒரு மூட்டு கொஞ்சம் தவறினால் மற்றொன்று அதை ஈடுகட்டியது. அப்படியானால் ஆயிரம் முறை செய்வது என்பது ஒரே விடையை ஆயிரம் முறை எழுதுவதன்று. ஒரே கணக்கை ஆயிரம் முறை புதிதாகப் போட்டுப் பார்ப்பது. பெர்ன்ஸ்டீன் மற்றொன்றையும் கவனித்தார்: புதியவர் தொடக்கத்தில் மூட்டுகளை உறையவைத்துச் சிக்கலைக் குறைத்துக்கொள்கிறார், தேர்ச்சி வர வர அவற்றை ஒவ்வொன்றாக விடுவிக்கிறார். குத்துப் பையின் முன் விறைத்து நிற்பவர் இந்த வழியின் முதல் படியில்தான் நிற்கிறார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயிற்சியின் வரிசையும் முக்கியம். ஜான் ஷே, ராபின் மார்கன் ஆகிய இருவரும் 1979-இல் நடத்திய சோதனையில், மூன்று கையசைவு வரிசைகளை ஒன்று முடிந்த பின் ஒன்றாகப் பழகியவர்கள் பயிற்சியின்போது வேகமாக முன்னேறினார்கள். மூன்றையும் கலைத்துப் போட்டுப் பழகியவர்கள் தடுமாறினார்கள். சில நாள் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. கலந்து பழகியவர்களிடமே கற்றது நிலைத்திருந்தது. நேர்க்குத்தை ஐம்பது முறை, பிறகு உதையை ஐம்பது முறை என்று செய்வது முதல் வாரங்களுக்குச் சரி. அடிப்படை பிடிபட்ட பிறகு அவற்றைக் கலந்து செய்வது, அன்றைய வகுப்பில் உங்களை மோசமானவராகக் காட்டினாலும், அடுத்த மாதத்துக்கு உதவும்.

இனி, பலர் பயிற்சியை விட்டுப்போகும் அந்தத் தேக்க மாதங்களுக்கு வருவோம். தந்தித் தொழிலாளர்கள் மோர்ஸ் குறிகளைக் கேட்டு எழுதக் கற்பதை பிரையன், ஹார்ட்டர் ஆகிய ஆய்வாளர்கள் 1897-இல் வரைபடமாக்கியபோது, வேகம் சில வாரங்கள் ஏறாமல் சமதளமாக நின்று பிறகு மீண்டும் ஏறுவதைக் கண்டார்கள். தனி எழுத்துகளைக் கேட்கும் நிலையிலிருந்து முழுச் சொற்களைக் கேட்கும் நிலைக்கு மாறும் காலம் அது என்று விளக்கினார்கள். பின்னர் வந்தவர்கள் தேடியபோது அந்தச் சமதளம் எப்போதும் அகப்படவில்லை. எனவே அதைக் கற்றலின் தவிர்க்க முடியாத விதி என்று சொல்லக் கூடாது. 1959-இல் கிராஸ்மன் என்ற ஆய்வாளர் சுருட்டு உருட்டும் தொழிலாளர்களின் வேகத்தை ஆராய்ந்தபோது கண்டது இன்னும் ஆறுதலானது: லட்சக்கணக்கான சுருட்டுகளைச் செய்து முடித்த பிறகும், ஆண்டுக்கணக்கில், அவர்கள் வேகம் கூடிக்கொண்டே வந்தது. கூடும் அளவுதான் சுருங்கிக்கொண்டு போனது. முதல் மாதத்தில் ஒரு நாளில் கிடைத்த முன்னேற்றத்தைப் பிற்காலத்தில் பெற ஓர் ஆண்டு ஆகலாம். அதை நாள்தோறும் அளந்து பார்ப்பவருக்குத் தேக்கம் மட்டுமே தெரியும்.

எதிராளியோடு மோதும் பயிற்சியில் எல்லாம் மறந்துபோகிறது என்பது அடுத்த புலம்பல். ஒளியைக் கண்டதும் கையை அசைக்க மனிதருக்கு ஏறக்குறைய 200 மில்லிவினாடி தேவை. தேர்ந்தவரின் நேர்க்குத்து இலக்கை அடைய எடுத்துக்கொள்வதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், சில வேளை அதைவிடக் குறைவு. அந்த 200 மில்லிவினாடியும் வரப்போவது என்னவென்று தெரிந்திருக்கும்போது மட்டுமே. தெரிவுகள் பெருகப் பெருக எதிர்வினை நேரமும் கூடும் என்பதை பிரிட்டிஷ் உளவியலாளர் ஹிக் 1952-இல் காட்டினார். பத்துத் தடுப்பு முறைகளை மனத்தில் சுமந்துகொண்டு எதிராளியின் முன் நிற்பவர் தாமதிப்பது அறிவுக் குறைவால் அன்று. ஒரு மாதத்துக்கு இரண்டு எதிர்வினைகளை மட்டும் வைத்துக்கொண்டு மோதிப் பாருங்கள். முஷ்டியைப் பார்க்காதீர்கள், கராத்தே வீரர்களின் பார்வையைப் பதிவு செய்த ஆய்வுகளில், தேர்ந்தவர்கள் பெரும்பாலும் எதிராளியின் தலையிலும் மார்பிலுமே கண்ணை நிறுத்தினார்கள். கை கிளம்புவதற்கு முன் தோளும் இடுப்பும் பேசிவிடுகின்றன.

உறக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக: விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள், இடையில் பயிற்சி ஏதுமின்றி, இரவுத் தூக்கத்துக்குப் பின் வேகமாகத் தட்டியதை 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. நேற்று வராத அசைவு இன்று காலை வருவது கற்பனையன்று. மறுபுறம், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு இந்த அவசரம் புரியாது. முதல் சில வாரங்களில் கூடும் வலிமையில் பெரும்பங்கு நரம்புகள் தசையை நன்றாக ஏவப் பழகுவதால் வருவது. பிறகு தசை பருக்கிறது. தசைநாண்களோ இரண்டுக்கும் பின்தங்கியே வருகின்றன. குதிநாணின் மையப்பகுதி வளர்பருவத்துக்குப் பின் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. உற்சாகம் மிகுந்த மூன்றாம் மாதத்தில் உதைகளின் எண்ணிக்கையைத் திடீரென இரட்டிப்பாக்குபவருக்கு வலி முதலில் தசைநாணில் தோன்றுவதில் வியப்பில்லை. அந்த வலி நாள்தோறும் காலையில் திரும்பி வருமானால், பொறுத்துக்கொள்வது வீரமன்று. எண்ணிக்கையைக் குறைத்து, தேவையானால் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

முன்னேற்றத்தை அளக்க விரும்பினால், மாதத்துக்கு ஒரு முறை, ஒரே கோணத்தில் கைப்பேசியை வைத்து, பத்துக் குத்துகளைப் படமெடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அடுத்தடுத்து ஓடவிட்டால், முஷ்டியில் பெரிய மாற்றம் எதுவும் கண்ணில் படாமல் போகலாம். காதோரம் வரை ஏறியிருந்த தோள் இறங்கியிருக்கும்.