மொழி இலவசம், அதை உருவாக்குபவரின் மாதச் செலவு?

புதிய நிரல்மொழி எழுதத் துடிக்கும் இளைஞர்கள் என்னிடம் பார்சரைப் (நிரலின் இலக்கணத்தைப் பிரித்துப் படிக்கும் பகுதி) பற்றியும் டைப் சிஸ்டத்தைப் (எண், சொல் என்று தரவை வகைப்படுத்தும் விதிகள்) பற்றியும் கேட்பார்கள். எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் வேலையிலேயே பல வருடம் இருந்த நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "வேலையை விட்டால் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்?"

கம்பைலருக்கு விலை வைத்தால் புது மொழியை இன்று யாரும் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆள் சேராத மொழிக்கு, மற்றவர்கள் எழுதித் தரும் ஆயத்த நிரல் தொகுப்புகளான லைப்ரரிகளும் சேராது. அதனால்தான் மூல நிரலை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைக்கிறோம். வருமானம் வேறு வழியில்தான் வந்தாக வேண்டும்.

கைடோ வான் ரோசம் 1989 இறுதியில் பைத்தானைத் தொடங்கியபோது ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆய்வு நிலையத்தில் சம்பளத்தில் இருந்தார். கோட்லின் மொழிக்குப் பின்னால் அதை உருவாக்கிய ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் விற்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ரிச் ஹிக்கி குளோஜர் மொழியை 2007இல் வெளியிடும்வரை சொந்தச் சேமிப்பைக் கரைத்தார். நன்கொடையை நம்பி 2018இல் வேலையை விட்ட ஆண்ட்ரூ கெல்லியின் ஜிக் மொழிக்கு அதற்குள் இரண்டு வருடமாகச் சேர்ந்த பயனர்கள் இருந்தார்கள். செலவுக்கு வழி தேடாமல் முதலில் வேலையை விட்டவர்கள் பலர் பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே நிறுவனத்தை நம்புவதிலும் ஆபத்து உண்டு. ரஸ்ட் மொழியை வளர்த்த மொசில்லா நிறுவனம் 2020இல் சுமார் 250 பேரை நீக்கியபோது ரஸ்ட்டில் வேலை செய்தவர்களும் அதில் இருந்தார்கள். ரஸ்ட்டுக்குத் தனி அறக்கட்டளை அமைந்தது 2021இல்.

என் நண்பர் ஒருவர் சின்ன மொழி ஒன்றைப் பராமரிக்கிறார். ஒரு நள்ளிரவில் ஒரு நிறுவனத்திடமிருந்து புகார் வந்தது: "எங்கள் சர்வர் நிற்கிறது, காலைக்குள் சரிசெய்யவும்." பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் குப்பை சேகரிப்பானில் இருந்த பிழையை விடிய விடியத் தேடிச் சரிசெய்தார். பதிலுக்கு வந்தது ஒரு கட்டைவிரல் குறி. மனைவி வேலைக்குக் கிளம்பும்போது அவர் இன்னும் திரை முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த நிறுவனத்தின்மீது இன்றும் கோபம் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பெரும்பாலான நிறுவனங்களின் கணக்குப் பிரிவில் 'நன்கொடை' என்று எழுதத் தனி இடம் இருப்பதில்லை. 'ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்' என்று எழுத இடம் உண்டு. பொறியாளர் மனம்வைத்தாலும் நன்கொடைப் பொத்தானை அழுத்த அவருக்கு அதிகாரம் கிடையாது. பில்லை மேலே அனுப்ப அதிகாரம் உண்டு. அதனால் எத்தனை மணி நேரத்துக்குள் பதில், எந்தப் பதிப்புவரை ஆதரவு என்று எழுதி விலை போட்டு அதே நிறுவனத்துக்கு அனுப்பும்படி நண்பரிடம் சொன்னேன். கை நடுங்கத்தான் அனுப்பினார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. தொகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொள்முதல் ஆணை எண்ணைப் பில்லில் எங்கே போடுவீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.