செகண்ட் சர்வ் போடும்போது மட்டும் கை ஏன் விறைத்துப்போகிறது?

டென்னிஸில் பாயிண்ட்டைத் தொடங்கி வைக்கிற அடி சர்வ். முதல் சர்வ் தவறினால் கிடைக்கிற இரண்டாவது வாய்ப்பு செகண்ட் சர்வ், அதுவும் தவறினால் டபுள் ஃபால்ட், பாயிண்ட் எதிராளிக்குப் போய்விடும். பயிற்சியில் பத்துக்கு எட்டு சர்வை உள்ளே போடுகிற ஆள், தன் முதல் டோர்னமென்ட்டின் முதல் கேமிலேயே மூன்று டபுள் ஃபால்ட் போடுவார். நானும் போட்டவன்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். எதிரே நின்றவர் மட்டையைக்கூட அசைக்கவில்லை, நானே பாயிண்ட்டுகளை அள்ளிக்கொடுத்துவிட்டேன். முதல் போட்டிக்குத் தயாராவது என்றால் புது ஷாட் கற்றுக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி வேலை உண்மையில் அந்த செகண்ட் சர்வில்தான் இருக்கிறது.

வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோமே, அது வெறும் பேச்சு இல்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. குடலுக்குப் போகிற ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புகிறது, நாக்கு வறள்கிறது, விரல் லேசாக நடுங்குகிறது. ஓடித் தப்பிக்கவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு செய்கிற ஏற்பாடு இது. ஓட்டத்துக்கு நல்லதுதான், ஆனால் சர்வுக்கு வேண்டியது வேறு. சாதாரணமாக முழங்கையை நீட்டும் தசை சுருங்கும்போது மடக்கும் தசை தளர்ந்து வழிவிடும். பதற்றத்தில் இரண்டும் சேர்ந்து இறுகிக்கொள்கின்றன. பின் பிரேக்கை மிதித்தபடி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் வண்டி எப்படிப் போகும்? அதே கதைதான். முழு பலத்தையும் போட்டது போல இருக்கும், ஆனால் மட்டையின் தலை நகர்ந்திருக்காது.

இதனால் பந்துக்கு என்ன ஆகிறது என்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். சர்வ் போட நிற்கிற பின்கோடான பேஸ்லைனிலிருந்து நெட் 11.89 மீட்டர் தூரம், அதைத் தாண்டி, சர்வ் மீறாமல் விழ வேண்டிய சர்வீஸ் கோடு இன்னும் 6.40 மீட்டர், நெட்டின் நடு உயரம் 91.4 செ.மீ. பந்து கயிறு கட்டியது போல நேர்கோட்டில் போகிறது என்று வைத்துக்கொண்டால், நடுவழியாக நெட்டைத் தாண்டி கோட்டுக்குள் விழுவதற்கு அதை குறைந்தது 2.61 மீட்டர் உயரத்தில் அடித்தாக வேண்டும், அதுவும் பந்தின் பருமனைக் கணக்கில் சேர்க்காமலே. நம்மில் பலருக்கு எட்டுகிற உயரம் அந்தப் பக்கத்திலோ அதற்குக் கொஞ்சம் கீழேயோதான் இருக்கும். நல்லவேளை, புவியீர்ப்பு பந்தை வளைத்துக் கீழே இறக்குகிறது. அது போதாத இடத்தில் கைகொடுப்பது டாப்ஸ்பின், அதாவது பந்து முன்பக்கமாக உருளுவது போலச் சுழல்வது.

முன்பக்கமாகச் சுழலும் பந்து தன்னைச் சுற்றி ஓடும் காற்றை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது, பதிலுக்குக் காற்று பந்தைக் கீழே தள்ளுகிறது. இதை ஆராய்ந்த ஜெர்மன் விஞ்ஞானி மேக்னஸின் பெயரால் மேக்னஸ் விளைவு என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், மேக்னஸுக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகள் முன்பே, 1672-இல், ஒளி பற்றி எழுதிய கடிதத்தில் நியூட்டன் சாய்த்து அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதைப் பார்த்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

இந்தச் சுழற்சி எங்கிருந்து வருகிறது? பந்தும் ஸ்ட்ரிங்கும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவுக்குத்தான். அதற்குள் மட்டை பந்தைக் கீழிருந்து மேலாக எவ்வளவு வேகமாக உரசுகிறதோ அவ்வளவு சுழற்சி. ஆக, ‘ஜாக்கிரதையாகப் போடுவோம்’ என்று கையை மெதுவாக்கினால் முதலில் போவது சுழற்சிதான். அது போனதும் பந்து கீழே இறங்காமல் நீளமாகப் போகிறது. அடுத்த முறை அந்தப் பயத்தில் பந்தை அமுக்குகிறோம், அது நேராக நெட்டில் போய் விழுகிறது. செகண்ட் சர்வுக்குக் கையின் வேகத்தைக் குறைக்கவே கூடாது, மட்டை பந்தைத் தொடுகிற கோணத்தை மட்டும் மாற்ற வேண்டும். இதை நம்ப எனக்கு ரொம்ப நாள் ஆனது.

அப்புறம் டாஸ், அதாவது சர்வ் அடிக்கப் பந்தை மேலே தூக்கிப் போடுவது. பதற்றத்தில் பந்து வழக்கத்தைவிட மேலே போய்விடும். அடிக்கும் இடத்துக்கு மேல் 30 செ.மீ. ஏறி இறங்குகிற பந்து அந்த இடத்தை விநாடிக்குச் சுமார் 2.4 மீட்டர் வேகத்தில் கடக்கிறது, ஒரு மீட்டர் ஏறிவிட்டால் 4.4 மீட்டர். ஸ்ட்ரிங்கின் நடுவில் பத்து செ.மீ. அகலம் நமக்குச் சாதகமான இடம் என்று எடுத்துக்கொண்டால், முதல் டாஸில் கிடைக்கும் அவகாசம் 0.04 விநாடி, இரண்டாவதில் கிட்டத்தட்ட அதில் பாதி. டாஸ் கோணலாகப் போனால் அடிக்காமல் பிடித்துவிடுங்கள், விதி அதை அனுமதிக்கிறது. முதல் போட்டி ஆடுகிறவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு அதையும் அடித்துத் தொலைக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் தலைக்குள். பழகிய அசைவை மூளை, குறிப்பாகச் சிறுமூளை, நம்மைக் கேட்காமலே நடத்திக்கொள்ளும். முழங்கை எங்கே, மணிக்கட்டு எங்கே என்று நடுவில் மேற்பார்வை பார்க்கப் போனால் அது தடுமாறும். படியில் இறங்கும்போது ஒவ்வொரு அடியையும் யோசித்துப் பாருங்கள், புரியும். பெரிய ஆட்டக்காரர்கள் சர்வுக்கு முன் பந்தை நாலு தடவை தட்டுவதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கவனத்தைப் பிடித்து வைக்க ஒரு வேலை, அவ்வளவுதான். பாயிண்ட்டுக்கும் பாயிண்ட்டுக்கும் இடையில் விதிப்படி 25 விநாடி வரை கிடைக்கிறது. அதில் இரண்டு மூச்சை நீளமாக வெளியே விட்டால் போதும், மூச்சு வெளியேறும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகிற வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைக் கொஞ்சம் தணிக்கும்.

சாமான்கள் பற்றிச் சுருக்கமாக: போட்டிக்கு முந்தின நாள் புது ஷூ, பழக்கமில்லாத ஸ்ட்ரிங் இரண்டும் வேண்டாம். பந்து மட்டும் புதிதாக வாங்கிப் பழகுங்கள். விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிற பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும், பையில் மாதக்கணக்கில் கிடக்கும் பந்து அதில் எங்கோ பின்தங்கி நிற்கும். பழசிலேயே ஆடிவிட்டுப் போனால் போட்டியில் எல்லாப் பந்தும் தோளுக்கு எழும்புவது போல இருக்கும்.

சரி, செகண்ட் சர்வை எப்படிப் பழகுவது? கூடை நிறையப் பந்தை வைத்துக்கொண்டு வரிசையாக அடிப்பதில் பிரயோஜனம் குறைவு. தவறினால் அடுத்த பந்து கையிலேயே இருக்கிறது, பயம் எங்கிருந்து வரும்? நான் செய்வது இது: பேஸ்லைனிலிருந்து நெட் வரை நாலு தடவை ஓடித் திரும்ப வேண்டும், மூச்சு வாங்கும்போதே பந்தைத் தட்டி ஒரே ஒரு செகண்ட் சர்வ். தவறினால் மறுபடி ஓட்டம். போட்டியின் பயத்தை வரவழைக்க முடியாவிட்டாலும் படபடக்கிற நெஞ்சோடு சர்வ் போட்டுப் பழகலாமே. அடுத்த டோர்னமென்ட்டில் என் முதல் செகண்ட் சர்வ் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளித்தான் விழுந்தது. ஆனால் மட்டை முழு வேகத்தில் சுழன்று இடது இடுப்புப் பக்கம் வந்து நின்றிருந்தது.