வாண்டா: ஒட்டுண்ணியா, தொற்றுச்செடியா?

வாண்டா பூவுக்காக வளர்க்கும் ஓர் ஆர்க்கிட் செடி. பெயரைக் கேட்டால் லத்தீன் மாதிரி இருக்கும், ஆனால் அது வடமொழிச் சொல். மூல உச்சரிப்பு 'வந்தா'. ஆங்கில எழுத்து வழியாகச் சுற்றி வந்ததில் 'ந்தா' நம்மிடம் 'ண்டா' ஆகிவிட்டது. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் ஓர் ஆர்க்கிடை இந்தப் பெயரிலேயே விவரித்து எழுத, அது 1795இல் அச்சானது. அப்புறம் 1820இல் தாவரவியலாளர் இராபர்ட் பிரௌன் அதை முறைப்படி பேரினப் பெயராக்கினார்.

பொருளில்தான் சிக்கல். வந்தா என்பது மரத்தின்மேல் வளரும் செடிகளுக்கு வழங்கிய சொல், புல்லுருவியும் அதில் அடக்கம். வடமொழி நிகண்டான அமரகோசம் அதற்கு 'விருட்சாதனி' (மரத்தைத் தின்பது), 'விருட்சருகா' (மரத்தில் வளர்வது) என்ற இரண்டு மாற்றுப்பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. தமிழில் இதைப் பிரித்துச் சொல்லிவிடலாம். புல்லுருவி கிளைக்குள் வேரை இறக்கி நீரை உறிஞ்சுகிறது, அதனால் ஒட்டுண்ணி, 'உண்' அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வாண்டா பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதோடு சரி; மழையும் பனியும் பட்டையிடுக்கில் சேரும் மட்கும்தான் அதற்குச் சாப்பாடு. கூட்டமான பேருந்தின் படியில் தொற்றிக்கொண்டு போகிறோமே, அந்தத் தொற்றுதல்தான் இது, ஆகவே தொற்றுச்செடி. நோய்த்தொற்று நினைவுக்கு வருகிறதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும், சொல் பொருத்தமானது. பேரினப் பெயரை மட்டும் வாண்டா என்றே விட்டுவிடலாம்.

வளர்ப்பு முறையும் இதை ஒட்டியதுதான். மண்ணில் நட்டால் காற்றில்லாமல் வேர் அழுகும். மரச்சட்டக் கூடையில் கரித்துண்டு போட்டோ, எதுவுமே போடாமலோ தொங்கவிடுங்கள். வேரைப் போர்த்தியிருக்கும் வெலாமன் என்ற இறந்த செல்களின் அடுக்கு, மேலே விழும் நீரைச் சட்டென்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. ஆக வேரைப் பார்த்தே தண்ணீர் விடலாம், வெக்கையில் தினமும் கேட்கும். குருத்தில் மட்டும் இரவு முழுக்க நீர் தேங்க விடாதீர்கள், அங்கே அழுகினால் செடி போய்விடும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

வெப்பமான இடத்துக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் தானாக வளரும் வாண்டா டெசலேட்டா நல்ல தேர்வு (இதழில் கட்டம் கட்டமாகப் பழுப்பு ஓடுவதால் அந்த லத்தீன் பெயர்). நீலப் பூவுக்காகப் பலரும் தேடும் வாண்டா செருலியா குளிர்ந்த மலைப்பகுதிச் செடி, சமவெளி வெக்கையில் அது சிரமப்படும்.