36 நாளில் மாறிய முடிவும் ஒரு சோதனைப் பட்டையும்

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு அணிகளின் கூட்டமைப்புகளில் ஒன்றான பிக் டென், கொரோனா பரவலால், 2020 ஆகஸ்ட் 11 அன்று, இந்த இலையுதிர் காலத்தில் கல்லூரிக் கால்பந்து கிடையாது என்று அறிவித்தது. பேக்-12 கூட்டமைப்பும் அன்றே அதே முடிவை எடுத்தது. செப்டம்பர் 16 அன்று பிக் டென் தன் முடிவை மாற்றி, அக்டோபர் 23 முதல் ஆடலாம் என்றது. இடையில் ஓடியது 36 நாள். தடுப்பூசி வந்துவிடவில்லை. வைரஸின் வீரியமும் குறையவில்லை. பிறகு எப்படி முடிவு மாறியது என்று இன்றும் கேட்கிறார்கள்.

அந்த 36 நாளும் ரசிகர்களிடையே வாக்குவாதம் ஓயவில்லை. ஓஹையோ ஸ்டேட் அணியின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தும் வீரர்) ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் தொடங்கிய மனுவில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். நெப்ராஸ்கா வீரர்கள் எட்டுப் பேர் கூட்டமைப்பின் மீது வழக்குப் போட்டார்கள். எஸ்இசி போன்ற தென்பகுதிக் கூட்டமைப்புகள் ஆடத் தயாராகிக்கொண்டிருந்தது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. அரசியல் அழுத்தமும் தொலைக்காட்சிப் பணமும் இதில் பங்காற்றின என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பல்கலைக்கழகத் தலைவர்கள் முன் மருத்துவக் குழு வைத்த திட்டத்தின் அச்சாணி வேறு: வைரஸின் புரதத்தைத் தேடி 15 நிமிடத்தில் பதில் சொல்லும் ஆன்டிஜென் சோதனை, ஒவ்வொரு வீரருக்கும், தினமும்.

இந்தக் கல்லூரிக் கால்பந்து, நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஒவ்வொரு முறையும் இரு அணிகளின் முன்வரிசை ஆட்களும் முகத்துக்கு முகம் குனிந்து நின்று, மூச்சிரைக்க மோதிக்கொள்வார்கள். வீரர்களும் பயிற்சியாளர்களும் உதவியாளர்களுமாக ஓர் அணியில் 150 பேர் சாதாரணம். காற்றில் பரவும் நோய்க்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஆகவே, தொற்றியவர் மைதானத்துக்குள் காலடி வைக்கும் முன்பே அவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பிசிஆர் சோதனை வைரஸின் ஆர்என்ஏவை டிஎன்ஏ ஆக்கி, சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும். 30 சுற்றில் ஒன்று நூறு கோடியாகிவிடும். அதன் நுட்பத்தில் பெரிய குறை இல்லை. குறை நேரத்தில்தான். அந்தக் கோடையில் பல ஊர்களில் முடிவு வர இரண்டு, மூன்று நாள், சில சமயம் ஒரு வாரம்கூட ஆனது. புதன்கிழமை எடுத்த மாதிரியின் முடிவு சனிக்கிழமை வந்தால், அதற்குள் அந்த வீரர் மூன்று நாள் பயிற்சி செய்து, உணவறையில் உட்கார்ந்து, பேருந்திலும் போயிருப்பார்.

ஆன்டிஜென் பட்டை எதையும் பெருக்குவதில்லை. இருப்பதை இருக்கிறபடி பிடிக்கிறது. வீட்டில் கர்ப்பம் பார்க்கும் கிட்டின் உடன்பிறப்பு இது.

உறையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றின்மேல் ஒன்று விளிம்பு ஏறி ஒட்டிய நான்கு துண்டுகள் இருக்கும். முதல் துண்டு மாதிரியை வாங்கிக்கொள்ளும் திண்டு. இரண்டாவதில் தங்கத் துகள்கள் உலர்ந்து காத்திருக்கின்றன. மூன்றாவது, நைட்ரோசெல்லுலோஸால் ஆன வெள்ளைச் சவ்வு. உண்மையான வேலை நடப்பது இங்கேதான். கடைசித் துண்டு, வந்து சேரும் நீரையெல்லாம் குடித்துக்கொண்டே இருக்கும் உறிஞ்சுதாள். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நுண்துளைகள் வழியே திரவம் தானாக நகர்கிறது.

தங்கம் என்றதும் மஞ்சள் நிறம் மனதில் வரும். ஆனால் தங்கத்தை 40 நானோமீட்டர் அளவுக்கு நுணுக்கினால் அது குங்குமச் சிவப்பாகிவிடும். அந்த அளவில் தங்கத்தின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து மொத்தமாக ஊசலாடுகின்றன. சுமார் 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை அவை விழுங்கிவிடுவதால், மிச்சமுள்ள ஒளி நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. சாயமே இல்லாமல் வரும் நிறம், வெளுப்பதும் இல்லை.

ஒவ்வொரு தங்கத் துகளின் மேலும் ஆன்டிபாடிகள் ஒட்டியிருக்கின்றன. வைரஸ் தன் ஆர்என்ஏவைச் சுற்றிவைக்கப் பயன்படுத்தும் ‘என்’ (N) புரதத்தை அவை பற்றிக்கொள்ளும். முள் புரதத்தை விட்டுவிட்டு என் புரதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: ஒரு வைரஸுக்குள் அது ஏராளமாக இருக்கிறது. மூக்கிலிருந்து எடுத்த பஞ்சுக்குச்சியைக் கரைசலில் சுழற்றும்போது, அதிலுள்ள சோப்புப் பொருள் வைரஸின் கொழுப்பு உறையை உடைத்து என் புரதத்தை வெளியே விடுகிறது. திரவம் தங்கத் திண்டைக் கடக்கையில் புரதமும் தங்கமும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் பயணிக்கின்றன.

சவ்வின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத இரண்டு கோடுகள் வரையப்பட்டிருக்கும். முதல் கோட்டிலும் ஆன்டிபாடிகள்தான். ஆனால் அவை என் புரதத்தின் வேறொரு பகுதியைப் பிடிப்பவை. தங்கம் ஒரு கையைப் பிடித்திருக்க, கோடு மறுகையைப் பிடித்து நிறுத்துகிறது. புரதம் இருந்தால் தங்கம் நிற்கும். ஆயிரமாயிரம் துகள்கள் நின்றால் சிவப்புக் கோடு தெரியும். புரதம் இல்லையென்றால் தங்கம் அதைத் தாண்டிப் போய்விடும். இரண்டாவது கோடு தங்கத்தை நேரடியாகப் பிடிப்பது. திரவம் அதுவரை ஒழுங்காக ஓடியது என்பதற்கு அதுவே சான்று. அது தெரியாத பட்டையைத் தூக்கிப் போட வேண்டும்.

இதில் மிக அழகானது அந்த ஓட்டத்தின் வேகம். திரவம் கடக்கும் தூரம், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். சவ்வுகளை விற்பதே, 4 சென்டிமீட்டர் நனைய எத்தனை விநாடி என்ற கணக்கில்தான்: 75, 90, 120, 135, 180. 135 விநாடிச் சவ்வை எடுத்துக்கொள்வோம். முதல் சென்டிமீட்டரைக் கடக்க எட்டரை விநாடி போதும். நான்காவது சென்டிமீட்டருக்கோ 59 விநாடி தேவை. ஒரே சவ்வு, ஒரே திரவம், ஏழு மடங்கு மந்தம். சோதனைக் கோட்டை ஆரம்பத்திலேயே போட்டால் புரதம் ஒட்டிக்கொள்ள நேரமில்லாமல் பறந்துவிடும். சற்றுத் தள்ளிப் போட்டால் நிதானமாக வரும், நன்றாக ஒட்டும். ஆனால் முடிவு தாமதமாகும். எத்தனை மில்லிமீட்டரில் கோடு போடுவது என்பதில் ஒரு பட்டையின் தரமே அடங்கியிருக்கிறது.

பிழைகளும் இந்த ஓட்டத்திலிருந்தே பிறக்கின்றன. 15 நிமிடத்துக்கு முன் பார்த்தால் மங்கலான கோடு இன்னும் எழுந்திருக்காது. அரை மணிக்கு மேல் விட்டுவிட்டால் சவ்வு உலரத் தொடங்கும். உறிஞ்சுதாளில் கிடந்த தங்கம் பின்னோக்கி ஊர்ந்து வந்து பொய்க்கோடு போடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பயன்படுத்தினாலும் முடிவு தப்பும். அறை வெப்பநிலைக்கு வர விட வேண்டும். உறையைப் பிரித்து மேசையில் பரப்பிவைத்தால் காற்றின் ஈரம் தங்கத் திண்டைக் கெடுத்துவிடும். மூக்கின் நுனியை மட்டும் தொட்டுவிட்டு எடுக்கும் மாதிரி எல்லாவற்றையும்விட மோசம். ஒவ்வொரு துவாரத்திலும் உட்சுவரை ஒட்டி ஐந்து சுற்று, சுமார் 15 விநாடி தேய்க்க வேண்டும்.

எலுமிச்சைச் சாற்றையும் கோலாவையும் பட்டையில் ஊற்றி, கோடு வருகிறது பாருங்கள், இந்தச் சோதனையே மோசடி என்று காட்டிய காணொளிகள் அன்று உலகெங்கும் சுற்றின. அமிலத்தில் ஆன்டிபாடிகளின் வடிவம் குலைந்து, கண்டதோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும். தங்கமும் கோட்டில் சிக்கிவிடும். கரைசல் கொடுக்கப்படுவது அமிலத்தன்மையை நிலையாக வைத்திருக்கவும்தான். அதை விட்டுவிட்டுச் செய்தது சோதனையே ஆகாது. அந்தக் காணொளிகளைப் பலர் நம்பியது வேதனையான விஷயம்.

கல்லூரி அணிகள் பலவும் பயன்படுத்திய சோஃபியா என்ற கருவியில் தங்கத்துக்குப் பதில் யூரோபியம் கலந்த ஒளிரும் மணிகள் இருந்தன. கோட்டைக் கண்ணால் தேடாமல் இயந்திரம் படித்துச் சொல்லும். தத்துவம் ஒன்றுதான். அதன் திறன் என்ன என்பது அதே பிக் டென் வட்டாரத்தில், விஸ்கான்சினின் இரண்டு பல்கலைக்கழக வளாகங்களில், 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் பிசிஆரோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. அறிகுறி இல்லாதவர்களின் 871 மாதிரிகளில் 17 மட்டுமே பிசிஆரில் பாசிட்டிவ். சோஃபியா அந்த 17-இல் 7-ஐக் கண்டுபிடித்தது, அதாவது 41.2 சதவீதம். தொற்றே இல்லாத 854-இல் 14-ஐத் தவறாகப் பாசிட்டிவ் என்றது.

இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். தொற்று இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்லும் திறன் 98.4 சதவீதம், கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் பாசிட்டிவ் என்று வந்த 21-இல் 14 பொய். நோய் அரிதாக இருக்கும் கூட்டத்தில், மிகச் சிறிய பிழை விகிதமும் உண்மையான நோயாளிகளின் எண்ணிக்கையை மிஞ்சிவிடும். 150 பேர் கொண்ட அணியைத் தினமும் சோதித்தால், யாருக்குமே தொற்று இல்லாத நாளிலும் இரண்டு பேர் பொய்யாக மாட்டுவார்கள். அதனால்தான் பிக் டென், பட்டை பாசிட்டிவ் காட்டினால் பிசிஆர் செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்று விதி வைத்தது.

பிசிஆரும் தப்பாது என்று சொல்லிவிட முடியாது. அலபாமா பல்கலைக்கழக அணியின் அன்றைய தலைமைப் பயிற்சியாளர் நிக் சாபனுக்கு அக்டோபர் 14 அன்று பிசிஆரில் பாசிட்டிவ் என்று வந்தது. அடுத்தடுத்து எடுத்த பிசிஆர்கள் நெகட்டிவ். எஸ்இசி விதிப்படி அவர் 17-ஆம் தேதி ஜார்ஜியாவுக்கு எதிரான ஆட்டத்தில் களத்தில் நின்றார். நவம்பர் இறுதியில் அவருக்கு அறிகுறிகளோடு நிஜமாகவே தொற்று வந்தது.

17-இல் 10-ஐத் தவறவிடும் பட்டையை நம்பி எப்படி ஆட விடுவது? இங்கேதான் தினமும் என்ற சொல்லுக்கு மதிப்பு. தொற்றியவர் உடலில் வைரஸ் ஓரிரு நாளில் பல்லாயிரம் மடங்காகப் பெருகும். இன்று பட்டைக்கு எட்டாத அளவு நாளைக் காலை எட்டிவிடும். அதே விஸ்கான்சின் ஆய்வில், சோஃபியா தவறவிட்ட மொத்தம் 18 மாதிரிகளில் உயிருள்ள வைரஸை வளர்க்க முடிந்தது இரண்டில்தான். தவறியவற்றில் பெரும்பாலானவை, பரப்பும் அளவுக்கு வைரஸ் இல்லாதவை என்பதற்கு இது நல்ல அடையாளம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் டேனியல் லாரிமோரும் ஹார்வர்டின் மைக்கேல் மினாவும் சேர்ந்து செய்த கணித மாதிரி அந்தக் கோடையிலேயே இதைச் சொன்னது: பரவலைத் தடுக்க, சோதனையின் நுட்பத்தைவிட எத்தனை முறை செய்கிறோம், எவ்வளவு சீக்கிரம் முடிவு வருகிறது என்பவையே முக்கியம்.

ஆனாலும் இரண்டு மாதிரி என்பது பூஜ்யம் ஆகாது. காலையில் நெகட்டிவ் வந்தவர் மாலையில் பரப்பத் தொடங்கலாம். விஸ்கான்சின் அணி அக்டோபர் 23 அன்று இல்லினாயை 45–7 என வென்றது. ஐந்தே நாளில், தலைமைப் பயிற்சியாளர் உட்பட 12 பேருக்குத் தொற்று. அடுத்த இரண்டு ஆட்டங்களும் ரத்து. தினசரிச் சோதனை நடந்தும் கல்லூரி அணிகளுக்குள் தொற்று பரவியதை வைரஸ்களின் மரபணு வரிசைகளும் பின்னர் காட்டின. பட்டை நல்ல வடிகட்டி. முகக்கவசத்துக்கும் திறந்த சன்னலுக்கும் அது மாற்று ஆகாது. கூட்டம் நடந்த அறைகளைவிட மைதானத்தின் மீதே எல்லோர் கண்ணும் இருந்தது பெரிய தவறு என்றே கருதுகிறேன்.

எப்போது நிறுத்துவது என்பதற்கும் எண் வைத்திருந்தார்கள். ஏழு நாள் சராசரியில், செய்த சோதனைகளில் 5 சதவீதத்துக்கு மேல் பாசிட்டிவ், கூடவே அணியின் ஆட்களில் 7.5 சதவீதத்துக்கு மேல் தொற்று என்றால், குறைந்தது ஏழு நாள் பயிற்சியும் ஆட்டமும் கிடையாது. மிச்சிகன் அணிக்குள் தொற்று பரவியதால் டிசம்பர் 12 அன்று நடக்கவேண்டிய ஓஹையோ ஸ்டேட்–மிச்சிகன் ஆட்டம் ரத்தானது. 1917-க்குப் பிறகு அந்த இரு அணிகளும் மோதாத முதல் ஆண்டு அது.

தொற்று வந்த வீரர் 21 நாள் கழித்தே ஆட்டத்தில் இறங்கலாம் என்ற விதிக்குக் காரணம் இதயத்தசை அழற்சி. அழற்சியுள்ள இதயத்தோடு கடுமையாக ஓடினால் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத்தசை சிதைந்தால் கசியும் புரதம்), இசிஜி, எக்கோ, இதய எம்ஆர்ஐ எல்லாம் கட்டாயம். எம்ஆர்ஐக்கு முன் கடோலினியம் ஊசி போடுவார்கள். அது உயிருள்ள செல்களுக்குள் நுழையாது. செல் சிதைந்த இடத்திலும் தழும்பிலும் தேங்கி, சில நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் வெள்ளையாக மின்னும். செப்டம்பரில் வெளியான ஓஹையோ ஸ்டேட் ஆய்வில், தொற்று வந்துபோன 26 வீரர்களில் 4 பேருக்கு, அதாவது 15 சதவீதத்தினருக்கு, அழற்சியின் அடையாளம் தெரிந்தது. நாடே பதறியது. ஆனால் 26 பேர் மிகச் சிறிய கூட்டம். தொற்றே வராத வீரர்களின் படங்கள் ஒப்பிட இல்லை. கடும் பயிற்சியால் மாறிய, ஆனால் நோயற்ற இதயம் எம்ஆர்ஐயில் எப்படித் தெரியும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பரபரப்பு எதுவும் இல்லாத காலத்தில், பணம் ஒதுக்கிப் பதிவுசெய்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட அடிப்படை ஆய்வுக்கு நிதி கேட்டால் எந்த நாட்டிலும் முகம் சுளிக்கிறார்கள்.

கட்டாய எம்ஆர்ஐயால், தொற்று வந்துபோன வீரர்களின் பெரிய பதிவேடு ஒன்று பிக் டென்னுக்குள்ளேயே உருவானது. 13 பல்கலைக்கழகங்களின் 1,597 வீரர்களில் அழற்சி காணப்பட்டது 37 பேருக்கு, 2.3 சதவீதம். அறிகுறியை மட்டும் நம்பியிருந்தால் அவர்களில் ஐந்து பேர்தான் அகப்பட்டிருப்பார்கள். முழு முடிவுகள் 2021 மே மாதம் வெளியாயின. விதி அதற்கு முன்பே, 2020 டிசம்பர் நடுவில் தளர்ந்திருந்தது: 21 நாள் 17 ஆனது. 10 நாள் தனிமை, அதன்பின் இதயப் பரிசோதனைக்கும் படிப்படியாக மூச்சைக் கூட்டும் பயிற்சிக்கும் 7 நாள்.